காலறிந்து காலணி



வரலாறு என்றவுடன் முடியையும் கொடியையும் நினைப்பது நம் வழக்கம். மன்னர் தலையில் தரித்த முடியைப் பற்றி எழுதப்பெற்ற ஏடுகள் பல உள. மக்கள் காலில் அணிந்த தோலைப் பற்றி எழுதப்பெற்றவையோ மிகச் சில. ஆயினும் நாடு கண்டதும், வாணிகம் வளர்த்ததும், போர் வென்றதும் மனிதனுடைய கால்களே அன்றோ? அந்தக் கால்களுக்கு மனிதன் செய்த நன்மையும் தீமையும் காலணியின் வரலாற்றில் பதிந்து கிடக்கின்றன. அவ்வரலாற்றைச் சிறிது நோக்கி, ஓடுகின்ற நீங்கள் உங்கள் காலுக்கேற்ற காலணியை எவ்வாறு தேர்வது என்பதையும் இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இதனை நான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விடியற்காலையில் வெளியே வருவோர், சாலையோரத்திலும் விளையாட்டுத் திடலிலும் இளைஞர் பலர் ஓடிப் பழகுவதைக் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் பொழுதுபோக்கிற்காக ஓடுபவர் அல்லர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும். உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலியாள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. அத்தகைய பிள்ளை ஒருவன், தேர்வுக்கு ஒரு திங்களுக்கு முன் குதிகால் வலியால் அமர்ந்துவிட்டால், அவன் இழப்பது ஓர் ஓட்டத்தை மட்டும் அன்று, ஓர் ஆண்டை, சில வேளைகளில் வயது வரம்பைக் கடந்து, அந்த வாய்ப்பையே. ஆதலின் காலணி என்பது சிறிய செய்தியே எனினும், அதனால் விளைவது சிறியது அன்று.

முதலில் நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊராக இருந்தது. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, வறுமையுற்ற பாணர் குடும்பம் ஒன்று வழிநடந்து செல்லும் காட்சியைக் காட்டுகிறது. நடந்து நொந்த விறலியரின் சிறிய அடிகளுக்கு அந்நூலாசிரியர் கூறும் உவமை, ஓடி இளைத்த நாயின் நாக்கு! சிவந்து, மென்மையாய், நைந்து கிடக்கும் பாதத்தை இதனினும் கூர்மையாகக் காட்ட இயலுமோ? கலைஞர் கூட்டம் வெறுங்காலோடு நடந்த நாடு அது.

அதே தொகுதியைச் சேர்ந்த பெரும்பாணாற்றுப்படையிலோ வேறு கால்களைக் காண்கிறோம். அங்கே வழிச்செல்லும் வணிகர் காலை மறைக்கும் காவல் அணிந்திருக்கின்றனர். ஆயன் ஒருவனும் செருப்பணிந்தவனாகவே காட்டப்பெறுகிறான். செருப்புக்கு அந்நூல் வழங்கும் பெயர் தொடுதோல் என்பது. அந்தத் தொடுதோலை நெடுங்காலம் அணிந்ததனால் ஆயன் அடியில் வடு ஆழப் பதிந்திருந்ததாம். செருப்பு கடிக்கிறது என்று நாம் இன்று சொல்கிறோமே, அந்தக் கடியின் தழும்பு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது என்பது இதனால் விளங்கும். காலைக் காக்க வந்த தோலே காலைப் புண்படுத்தவும் செய்யும் என்பதனை நம் முன்னோர் கண்டிருந்தனர்.

இனி, சில நூற்றாண்டுகள் கடந்து வருவோம். திண்டிவனத்திற்கு வடக்கே உள்ள வந்தவாசியில் 1760ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத போர் இந்திய வரலாற்றின் போக்கையே மாற்றியது. அயர் கூட்டின் வெற்றியையும் லாலியின் தோல்வியையும் உங்கள் பாடநூல் கூறும். அந்த ஐரோப்பிய வீரர்களின் பூட்சுகளைப் பற்றி அது கூறாது. அக்காலத்து ஐரோப்பியக் காலணிகளுள் பெரும்பாலானவற்றில் இடக்கால், வலக்கால் என்ற வேறுபாடே இல்லை! ஒரே நேரான மர அச்சில் இரண்டையும் தைத்துவிடுவர். எந்தக் காலணியை எந்தக் காலில் மாட்டினாலும் ஒன்றே. காலணி ஒருபுறமாகத் தேயாதிருக்க இரண்டையும் மாற்றி மாற்றி அணிவதும் உண்டு. தைப்பவனுக்கு இது எளிது, அணிபவனுக்கோ துன்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இடம், வலம் என்னும் வேறுபாடு பரவலாக நிலைபெற்றது. நீராவி எந்திரத்தை ஆக்கிய மனிதன், தன் இரண்டு கால்களும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் காலணியில் ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று!

காலணியின் வரலாற்றில் வலி மட்டும் அன்று, மானமும் உண்டு. ஆங்கில ஆட்சியின்போது, அதிகாரிகள் முன்னும் நீதிமன்றங்களிலும் இந்தியர் தம் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டனர். 1862ஆம் ஆண்டு சூரத் நகர நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டி என்பவர் தம் காலணியைக் கழற்ற மறுத்து நின்றது பெரிய வழக்காயிற்று. அயலான் செய்த இழிவை எதிர்த்த நாம், நம் சிற்றூர்களில் என்ன செய்தோம்? தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆதிக்கச் சாதியார் தெருக்களில் செருப்பணிந்து நடத்தல் கூடாது என்று தடுத்தோம். தோலைப் பதப்படுத்தியவனும், செருப்பைத் தைத்தவனும், தான் தைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் வெறுங்காலோடு நடந்தான். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னரும் அவ்வழக்கம் சில இடங்களில் நெடுநாள் நீடித்தது என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். காலணி அணிவது வெறும் வசதி அன்று; ஒரு காலத்தில் போராடிப் பெற்ற உரிமை. இதனை ஓடும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

இனி ஓட்டக்காலணிக்கு வருவோம். 1839ஆம் ஆண்டு அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். அதன் பயனாகத் துணியால் மேற்பகுதியும் ரப்பரால் அடிப்பகுதியும் அமைந்த இலகுவான காலணி பிறந்தது. நம் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்கு அணியும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ அந்த வழியில் வந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் ஜோசப் வில்லியம் பாஸ்டர், அடியில் முள் பொருத்திய ஓட்டக்காலணிகளைச் செய்தார். செருமனியில் டாஸ்லர் உடன்பிறந்தார் செய்த காலணியை அணிந்து, 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கறுப்பின வீரர் ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கம் வென்றார். பின்னர் அவ்வுடன்பிறந்தார் பிணங்கிப் பிரிய, அடிடாஸ், பூமா என்னும் இரு நிறுவனங்கள் தோன்றின. சப்பானில் 1949ஆம் ஆண்டு கிஹாச்சிரோ ஒனிட்சுகா கோபே நகரில் காலணித் தொழிலைத் தொடங்கினார். 1970களில் ஈ.வி.ஏ. எனப்படும் மெல்லிய நுரைப்பொருள் காலணியின் நடுத்தட்டாக வந்து சேர்ந்தது. இன்று கடையில் நீங்கள் அழுத்திப் பார்க்கும் மென்மை பெரும்பாலும் அந்நுரையும், அதன் வழிவந்த பொருள்களும் தருவதே.

இத்தனை வளர்ச்சிக்கும் இடையே, ஒரு மனிதர் காலணியின் உண்மைப் பயனை உலகிற்கு உணர்த்தினார். அவர் எத்தியோப்பிய நாட்டு அரசக் காவற்படை வீரர் அபேபே பிகிலா. 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் உரோம் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்திற்கு முன், தமக்குக் கிடைத்த காலணிகள் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று அவர் கண்டார். பொருந்தாத காலணியோடு ஓடுவதினும், பழகிய வெறுங்காலோடு ஓடுவதே மேல் எனத் துணிந்தார். மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 37 கிலோமீட்டர். அவ்வளவும் ஓடி, அதற்கு அப்பாலும் 5 கிலோமீட்டர் ஓடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அத்தூரத்தை அவர் வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் கடந்து தங்கம் வென்றார்.

கதை இத்துடன் முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே பிகிலா காலுறையும் காலணியும் அணிந்து ஓடினார். குடல்வால் அறுவை செய்துகொண்டு சில வாரங்களே ஆகியிருந்தும், 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் மீண்டும் வென்றார். வெறுங்காலே சிறந்தது என்பார் முதல் வெற்றியைக் காட்டுவர். காலணியே சிறந்தது என்பார் இரண்டாம் வெற்றியைக் காட்டுவர். இரு சாராரும் பாதியையே காண்கின்றனர். பிகிலா இரண்டு முறையும் செய்தது ஒன்றே: தம் காலைக் கேட்டார்; அது சொன்னபடி செய்தார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். கடைக் காலணி அனைத்தும் ஐந்து விரலுக்கென அமைந்தவை. நெருக்கும் காலணியோடும் வலியோடும் பழகியே அவர் 2018ஆம் ஆண்டு சகார்த்தா ஆசிய விளையாட்டில், ஏழு போட்டிகள் அடங்கிய ஹெப்டாத்லானில் தங்கம் வென்றார். வெற்றி வந்த பின்னரே, அவர் காலை அளந்து தனிக் காலணி செய்து கொடுக்கப்பட்டது. அவருக்கு ஆறாவது விரல் வெளிப்படையாகத் தெரிந்தது. நம் ஒவ்வொருவர் காலிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத வேறுபாடுகள் உள்ளன. அவற்றை அளந்து பார்ப்பவர் மிகச் சிலர்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு ஏறுகிறது. அதனைத் தாங்குவதற்கு இயற்கை அமைத்த வில் வளைவே உள்ளங்காலின் வளைவு. கர்நாடகத்தின் மணிப்பால் நகர மருத்துவர்கள் ராவ், ஜோசப் ஆகிய இருவர், 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து ஆராய்ந்து 1992ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு உலகெங்கும் மேற்கோளாகக் காட்டப்பெறுகிறது. காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. விரல்களை மூடி இறுக்கும் காலணியே மிகுதியான தீங்கோடு தொடர்புற்றிருந்தது. இதனால் செருப்பை எறிந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முள்ளும் கண்ணாடித் துண்டும், பாதத்தின் வழியே உடலில் புகும் கொக்கிப்புழுவும் நம் ஊரில் உண்டு. வளரும் காலை இறுக்கிப் பிணிக்காதீர்கள் என்பதே அவ்வாய்வு தரும் பாடம்.

காலணிக் கடைகளில் பாதத்தின் வளைவைப் பார்த்துத் தட்டைக் காலுக்கு ஒன்று, வளைந்த காலுக்கு மற்றொன்று என்று பரிந்துரைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நனைந்த காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் தோன்றும் ஈரச் சுவட்டைக் கொண்டு நீங்களே உங்கள் வளைவை அறியலாம். உங்கள் காலை நீங்கள் அறிந்துகொள்ள இது நல்ல முறை. ஆயின் காலணியைத் தேர்வதற்கு இது ஒன்றே போதுமா? அமெரிக்கப் படைத்துறையினர் பயிற்சி வீரர்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றினர்க்குப் பாத வளைவுக்கேற்ற காலணியும், மற்றவர்க்கு ஒரே வகைக் காலணியும் கொடுத்துச் சோதித்தனர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியான அம்முடிவுகளின்படி, வளைவு பார்த்துக் கொடுத்ததனால் காயங்கள் குறையவில்லை. 2015ஆம் ஆண்டு கனடா நாட்டு அறிஞர் பென்னோ நிக், தம் குழுவினரோடு சேர்ந்து வேறொரு கருத்தை முன்வைத்தார். உடல் தனக்கு இயல்பான அசைவு வழியைத் தானே அறியும். அவ்வழியைத் தடுக்காத காலணி அணிபவர்க்குச் சுகமாக இருக்கும். ஆதலின் அச்சுகத்தையே முதல் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

செருப்புக்காகக் காலைத் தறிப்பார் உண்டோ என்று நம் பாட்டிமார் கேட்பர். அந்தப் பழமொழியும் இந்த ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காணுங்கள்!

இனி, கடைக்குச் செல்லும் மாணவர் மனத்தில் கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். மாலையில் செல்லுங்கள், பகல் முழுதும் நடந்த கால் சிறிது வீங்கியிருக்கும், ஓடும்போதும் அவ்வாறே வீங்கும். நின்றுகொண்டு இரண்டு காலையும் அளக்கச் செய்யுங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்கே அளவு கொள்ளுங்கள். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும். விரல்கள் தாராளமாக விரிய வேண்டும். குதிகாலோ உள்ளே வழுக்குதல் கூடாது. காலணியை வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்திலேயே அதுவும் மடங்க வேண்டும், நடுவில் அன்று. பெண் பிள்ளைகள் பலருக்கு முன்பாதத்தை நோக்கக் குதிகால் ஒடுங்கியிருக்கும். ஆடவர் அச்சில் செய்து நிறத்தை மட்டும் மாற்றிய காலணி அவர்களுக்குப் பொருந்தாமற் போகலாம்.

பிறகு, கடையிலேயே சிறிது ஓடிப் பாருங்கள். புதுச்செருப்பு கடிக்கத்தான் செய்யும், பழகினால் சரியாகிவிடும் என்பார் சொல்லை ஓட்டக்காலணியின் வகையில் ஏற்காதீர்கள். கடையில் கடிப்பது களத்திலும் கடிக்கும்.

உங்கள் நடையின் இயல்பை அறிய உங்கள் பழைய காலணியைத் திருப்பிப் பாருங்கள். எப்பகுதி தேய்ந்துள்ளதோ அப்பகுதியே தரையை முதலிலோ மிகுதியாகவோ தொடுகிறது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையும், தடித்த காலணியில் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலையும் முதலில் ஊன்றுகின்றனர் என்று 2010ஆம் ஆண்டு ஹார்வர்டு அறிஞர் டேனியல் லீபர்மன் குழுவினர் வெளியிட்டனர். இரண்டுள் உமக்கு இயல்பானது எதுவோ அதனைத் திடீரென மாற்ற முயலாதீர்கள். ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதாயின், வாரக்கணக்கில் சிறிது சிறிதாக மாறுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் வாங்கிய புதுக்காலணியோடு களத்தில் இறங்குதல் கூடவே கூடாது. செம்மண் திடலில் ஓடுவோர்க்கு வேண்டியது வேறு. தார்ச்சாலையில் ஓடுவோர்க்கு வேண்டியது வேறு. ஓடும் தரையையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய பின், மேற்பகுதி புதிதுபோல் தோன்றினும் நடுத்தட்டின் நுரை தளர்ந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

மிகுந்த விலை கொடுத்தால் வெற்றியும் வந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். அண்மை ஆண்டுகளில் தடித்த நுரையும் உள்ளே கரியிழைத் தகடும் கொண்ட காலணிகள் ஓட்டத்தின் வேகத்தை உயர்த்தியது உண்மை. அதனாலேயே உலகத் தடகள அமைப்பு 2020ஆம் ஆண்டு சாலை ஓட்டக் காலணியின் அடித்தடிப்புக்கு 40 மில்லிமீட்டர் என எல்லை வகுத்தது. ஆனால் அவை நொடிகளைக் குறைக்க முயலும் தேர்ந்த வீரர்க்கு உரியவை. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க விரும்பும் மாணவர்க்கு வேண்டியன முறையான பயிற்சியும், நல்ல உணவும், கடிக்காத ஒரு சோடிக் காலணியுமே. காலணி வாங்க இயலாத மாணவர், இரவல் வாங்கிய பொருந்தாக் காலணியோடு ஓடுவதினும், தூய்மை செய்த மண் திடலில் பழகிய வெறுங்காலோடு ஓடுவதே நலம். உடற்பயிற்சி ஆசிரியர்களும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். காலணி இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துவது கல்வி ஆகாது.

இறுதியாக ஒன்று. இன்று உலகம் அணியும் ஓட்டக்காலணிகளில் ஒரு பகுதி நமக்கு அண்மையிலேயே உருவாகிறது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியே சென்றால் வரும் செய்யாற்றில், தைவான் நாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலைகள் அயல்நாட்டுப் பெயர் தாங்கிய காலணிகளைச் செய்கின்றன. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019ஆம் ஆண்டு பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டையில் மற்றொரு பெரிய காலணித் தொழிற்சாலை அமைப்பதற்கு 2023ஆம் ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் மாவட்டத்துப் பெண்கள் பலர் இத்தொழிலில் கை தேர்ந்து வருகின்றனர். விறலியர் வெறுங்காலோடு நொந்து நடந்த வழியருகே, இன்று அவர்தம் வழிவந்த பெண்கள் உலகத்தின் கால்களுக்குக் காவல் தைக்கிறார்கள்.

ஆகவே, மாணவர்களே, அடுத்த முறை காலணி வாங்கச் செல்லும்போது, முதலில் கொடுத்த சோடியைக் கூச்சத்தால் ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள். “இது விரலை நெருக்குகிறது, வேறொன்று காட்டுங்கள்” என்று நிமிர்ந்து நின்று கேளுங்கள். செருப்பணியவே உரிமை மறுக்கப்பட்ட கால்கள் நடந்த தெருக்களில், தமக்குப் பொருந்துவதைக் கேட்டுப் பெறும் கால்கள் இன்று நடக்கட்டும், ஓடட்டும்.